சிறுவனுக்கு ஃபேட்டி லிவர்: சீட்டில் வரும் மருந்துகளில் எதற்குச் சான்று இருக்கிறது?

மருந்துக்கட்டு (கேள்வி)

மருந்துக்கடைப் பக்கத்திலிருந்து ஒரு சந்தேகம். உடல் பருமனான பிள்ளைகளுக்கு ஃபேட்டி லிவர் என்று வரும் சீட்டுகளில் பெரும்பாலும் ஒரே கூட்டணிதான்: உர்சோடியாக்சிகோலிக் அமிலம் 300 காலை, இரவு; வைட்டமின் ஈ 400 ஒன்று; சிலிமரின் கலந்த லிவர் டானிக் 10 மில்லி இருவேளை. சிலவற்றில் மெட்ஃபார்மின் 500 சேர்ந்திருக்கும். எப்போதாவது பெரியவர்களுக்கு எழுதும் சாரோகிளிட்டசார் 4 மி.கி.யும் தலைகாட்டும்.

மாதிரிக்கு ஒன்று: ஆண், வயது 12, எடை 68 கிலோ, உயரம் 150 செ.மீ., கல்லீரல் என்சைம்களான எஸ்ஜிபிடி 71, எஸ்ஜிஓடி 44, பிளேட்லெட் 2.8 லட்சம், பிலிருபின் நார்மல், ஸ்கேனில் "கிரேடு 1–2 ஃபேட்டி லிவர்". மேலே சொன்ன மூன்று மருந்தும் 3 மாதத்துக்கு. மஞ்சள் காமாலை மாதிரி வேறு குறி எதுவும் இல்லை.

இவற்றில் எதைக் குழந்தைகளிடம் ஒழுங்காகச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள்? எந்த அளவில், எத்தனை நாள்? பெற்றோர் "மூணு மாசத்துல சரியாயிடுமா?" என்று கேட்டால் என்ன சொல்வது? தேடினால் பெரியவர்கள் பற்றித்தான் கொட்டிக் கிடக்கிறது.

---

குழந்தைக்கல்லீரல்

நேரே விஷயத்துக்கு வருகிறேன். குழந்தைகளின் ஃபேட்டி லிவருக்கென்று அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ அனுமதித்த மருந்து ஒன்றுகூடக் கிடையாது. வட அமெரிக்கக் குழந்தைகள் இரைப்பை குடல் மருத்துவர் சங்கம் 2017-ல் வெளியிட்ட வழிகாட்டியும் எந்த மருந்தையும் பரிந்துரைக்கவில்லை. உணவு, உடற்பயிற்சி, இனிப்புப் பானத்தை நிறுத்துவது, இவைதான் அதில் முதல் சிகிச்சை.

ஒழுங்கான சோதனை என்று சொல்லத்தக்கது டானிக் என்ற ஆய்வு. (நம் ஊர் டானிக் இல்லை, ஆய்வின் பெயரே அப்படி அமைந்துவிட்டது.) 2011-ல் வெளியானது. 8 முதல் 17 வயது வரை 173 பிள்ளைகள், எல்லோருக்கும் பயாப்ஸி, அதாவது கல்லீரலில் ஒரு துணுக்கு, எடுத்து நோயை உறுதி செய்தவர்கள். ஒரு பிரிவுக்கு வைட்டமின் ஈ 400 யூனிட் இருவேளை, இன்னொன்றுக்கு மெட்ஃபார்மின் 500 மி.கி. இருவேளை, மூன்றாவது பிரிவுக்குச் சத்தில்லாத போலி மாத்திரை. 96 வாரம். உணவு, உடற்பயிற்சி அறிவுரை மூன்று பிரிவுக்கும் உண்டு.

எஸ்ஜிபிடி இறங்கி, இறங்கிய இடத்திலேயே நின்றவர்கள் ஈ பிரிவில் 26 சதவீதம், மெட்ஃபார்மினில் 16, போலி மாத்திரையில் 17. புள்ளியியல் கணக்கில் இந்த வித்தியாசம் தேறவில்லை. அதாவது ஆய்வின் முதன்மைக் கேள்விக்கு இரண்டு மருந்துமே தோல்வி.

அந்த 17-ஐ மட்டும் கொஞ்சம் கவனியுங்கள். போலி மாத்திரை சாப்பிட்ட ஆறு பிள்ளைகளில் ஒருவருக்கு எஸ்ஜிபிடி தானாக இறங்கி நின்றிருக்கிறது. "அந்த சிரப் குடிச்சதும் இறங்கிடுச்சு" என்பதெல்லாம் பெரும்பாலும் காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான்.

அப்புறம் ஏன் ஈ-யை இன்னும் எழுதுகிறார்கள்? அதே ஆய்வில் இரண்டாம் பயாப்ஸியைப் பார்த்தபோது, வெறும் கொழுப்போடு நிற்காமல் அழற்சியும் செல் வீக்கமும் இருந்த பிள்ளைகளில், அந்த அழற்சி நிலை மறைந்தது ஈ பிரிவில் 58 சதவீதம், போலியில் 28. இந்த வித்தியாசம் உண்மையானது. தழும்பு, அதாவது ஃபைப்ரோசிஸ், குறைந்ததாகக் காட்டவில்லை. ஆகவே ஈ-க்கு ஓர் இடம் இருக்கிறது: பயாப்ஸியில் அழற்சி உறுதியாகி, வாழ்க்கைமுறை மாற்றத்துக்கு மசியாத பிள்ளை. ஸ்கேனில் "கிரேடு 1" என்று பார்த்த மாத்திரத்தில் எழுதுவதற்கான மருந்து அது இல்லை.

உர்சோ: பித்தநீர் தேங்கும் நோய்களில் நல்ல மருந்து. ஃபேட்டி லிவரில், பிள்ளைகளிடம் நடந்த சிறிய சோதனையில், உணவுக் கட்டுப்பாட்டைத் தாண்டி எதையும் தரவில்லை. சிலிமரின்: குழந்தைகளிடம் சொல்லிக்கொள்ளும்படியான சான்று இல்லை. மெட்ஃபார்மின்: 10 வயதுக்கு மேல் இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் இருந்தால் அதற்காகக் கொடுப்பது சரி; கல்லீரலுக்கு என்று பெற்றோரிடம் சொல்லிக் கொடுத்தால் தவறு. சாரோகிளிட்டசாருக்கு இந்தியாவில் 2020-ல் கிடைத்த அனுமதி பெரியவர்களுக்கு. 12 வயதுச் சீட்டில் அதைப் பார்த்தால் கொடுக்கும் முன் எழுதியவரை ஒரு முறை போனில் கேட்டுவிடுங்கள், பெரியவர் சீட்டோடு மாறியிருக்கவும் வாய்ப்புண்டு. சிஸ்டியமின், லோசார்ட்டான் என்ற வேறு இரண்டு மருந்துகளையும் பிள்ளைகளிடம் முறையாகச் சோதித்தார்கள், இரண்டும் எடுபடவில்லை.

உங்கள் மாதிரிப் பையனின் சீட்டில் மருந்தை விட எனக்கு உறுத்துவது, இது ஃபேட்டி லிவர்தான் என்று யார் முடிவு செய்தது என்பது. குண்டான பிள்ளை, எஸ்ஜிபிடி அதிகம், ஸ்கேனில் வெளுப்பு, ஆகவே ஃபேட்டி லிவர் என்று முடித்துவிட்டால் வில்சன் நோய் நழுவிப் போகும். வில்சனில் கல்லீரலில் தாமிரம் சேரும். ஸ்கேனில் அதுவும் கொழுப்பு மாதிரியே தெரியும். அதற்குக் கையில் மருந்து இருக்கிறது, விட்டால் கல்லீரல் போய்விடும். சீரம் செருலோபிளாஸ்மின் 20 மி.கி.க்குக் கீழே என்றால் 24 மணி நேரச் சிறுநீரில் தாமிரம் பார்க்க வேண்டும். பிள்ளைகளில் 40 மைக்ரோகிராமுக்கு மேல் போனாலே சந்தேகம். கண்ணில் தாமிரம் படிந்த வளையம் இல்லை என்று விட்டுவிடக் கூடாது, சின்ன வயதில் பலருக்கு அது இருக்காது. கூடவே ஹெபடைடிஸ் பி, சி, ஆட்டோ இம்யூன் ஹெபடைடிஸுக்கான ஏஎன்ஏ, ஐஜிஜி ரத்தப் பரிசோதனைகள், தைராய்டு, கோதுமை ஒத்துக்கொள்ளாத சீலியாக் நோய். வலிப்புக்கு வால்ப்ரோயேட், நாள்பட்ட ஸ்டீராய்டு ஏதாவது ஓடுகிறதா என்று மருந்துக்கடையில் நீங்களே கேட்கலாம், பெற்றோர் எல்லா டாக்டரிடமும் எல்லாவற்றையும் சொல்வதில்லை.

---

சோதனைக்குழாய்

லேப் தரப்பிலிருந்து. டாக்டர் சொன்னதோடு சேர்த்துப் படியுங்கள்.

ரிப்போர்ட்டில் எஸ்ஜிபிடி பக்கத்தில் "நார்மல்: 40 வரை" என்றோ "45 வரை", "56 வரை" என்றோ அச்சாகியிருக்கும். அது பெரியவர்களைப் பார்த்து வைத்த எல்லை. பிள்ளைகளுக்கு அந்த 2017 வழிகாட்டி எடுத்துக்கொள்ளும் மேல் எல்லை ஆண் 26, பெண் 22. அதன் ஏறக்குறைய இரண்டு மடங்கு, அதாவது ஆண் 50, பெண் 44, மூன்று மாதத்துக்கு மேலும் இறங்காவிட்டால் முழுப் பரிசோதனை. 80-ஐத் தாண்டினால் அவசரம் கூடுகிறது. ஆக "45 வரை" என்று அச்சிடும் லேபில், 42 உள்ள பெண் பிள்ளையின் ரிப்போர்ட்டில் தடித்த எழுத்து இருக்காது, நட்சத்திரம் இருக்காது, வீட்டில் நிம்மதியாகக் கோப்பில் வைத்துவிடுவார்கள். உண்மையில் அது எல்லையைப் போல ஏறக்குறைய இரு மடங்கு.

இந்தப் பையனின் 71 ஒரே ஒரு தடவை எடுத்ததா? காய்ச்சல் வந்து ஓய்ந்த வாரத்தில் எடுத்திருந்தால், குறிப்பாக டெங்கு சீசனில், அந்த எண்ணை நம்பவே வேண்டாம். காய்ச்சல் விட்டு ஒரு மாதமாவது கழித்து, அதே லேபில், திரும்ப எடுங்கள். முந்தின நாள் விளையாட்டு விழா ஓட்டம், தசையில் போட்ட ஊசி, இவையும் என்சைமைத் தூக்கும். எஸ்ஜிஓடியை அதிகமாகத் தூக்கும்.

தசை என்றதும் ஒன்று. எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி இரண்டும் நூற்றுக்கணக்கில் இருந்து தசையில் இல்லாத கல்லீரல் என்சைமான ஜிஜிடி மட்டும் நார்மலாக இருந்தால், தசை என்சைமான சிபிகே ஒன்று போட்டுப் பாருங்கள். ஆண் பிள்ளைகளில் டுஷேன் தசைச் சிதைவு நோய் இப்படித்தான் லிவர் நோய் வேடத்தில் வரும். ஓடாத பிள்ளை எடையும் போடும், "குண்டு, ஃபேட்டி லிவர்" என்று லிவர் டானிக் மாதக்கணக்கில் ஓடும். மாடிப்படி ஏறக் கைப்பிடியை இழுத்துப் பிடிக்கிறானா, தரையிலிருந்து எழும்போது முழங்காலில் கை ஊன்றுகிறானா, கெண்டைக்கால் மட்டும் பெருத்திருக்கிறதா என்று கேட்டால் போதும்.

அடுத்தது, கல்லீரல் தழும்பைக் கணிக்க மொபைலில் போடும் ஃபிப்-4 கணக்கு. பெற்றோர் அதைப் போட்டுப் பார்த்து "0.2 தான் வருது, தழும்பு இல்லை" என்று வருவார்கள். அந்தச் சூத்திரம் வயதை எஸ்ஜிஓடியால் பெருக்கி, பிளேட்லெட்டையும் எஸ்ஜிபிடியின் வர்க்கமூலத்தையும் பெருக்கி வரும் எண்ணால் வகுப்பது. இந்தப் பையனுக்கு 12 × 44 வகுத்தல் 280 × 8.4, விடை 0.22. இதே ரத்தம் 52 வயதுக்காரருடையது என்று போட்டால் 0.97. ரத்தம் மாறவில்லை, வயதுதான் மாறியது. பிள்ளைகளுக்கு அந்தக் கணக்கு எப்போதுமே "நல்லது" என்றுதான் சொல்லும், போடாதீர்கள்.

ஸ்கேன் கிரேடும் அப்படியே. கல்லீரலில் ஏறக்குறைய 20–30 சதவீதம் கொழுப்பு சேர்ந்த பிறகுதான் சாதா அல்ட்ராசவுண்டில் தெளிவாகத் தெரியும். ஸ்கேன் நார்மல் என்றால் கொழுப்பே இல்லை என்று ஆகாது. கிரேடு 2 போய் 1 வந்தது என்று கொண்டாடவும் வேண்டாம், பார்க்கிறவர் கண் மாறினாலே கிரேடு மாறும். கல்லீரலின் விறைப்பை அளக்கும் ஃபைப்ரோஸ்கேன் எடுப்பதானால் 3 மணி நேரம் வெறும் வயிறு. சாப்பிட்டுவிட்டுப் படுத்தால் விறைப்பு எண் கூடிக் காட்டும்.

---

அளவுக்கரண்டி

டயட்டீஷியன் எழுதுகிறேன். "உணவைக் கட்டுப்படுத்துங்கள்" என்று ஒரு வரியில் முடித்துவிட்டு மருந்துக்குப் பக்கம் பக்கமாக எழுதுவதுதான் வழக்கம். இந்த நோயில் மருந்துக்குச் சமமாகச் சோதித்துப் பார்த்த உணவு ஒன்று உண்டு.

2019-ல் வந்த ஆய்வு. ஃபேட்டி லிவர் உள்ள 11–16 வயதுப் பையன்கள் 40 பேர், 8 வாரம். ஒரு பாதிப் பேருக்குச் சேர்த்த சர்க்கரையும் பழச்சாறும் நாள் கலோரியில் 3 சதவீதத்துக்குக் கீழே. பையனுக்கு மட்டும் தனிச் சமையல் போடாமல் வீட்டார் எல்லோரின் சாப்பாட்டையும் சேர்த்தே மாற்றினார்கள். எம்ஆர்ஐயில் அளந்த கல்லீரல் கொழுப்பு 25 சதவீதத்திலிருந்து 17-க்கு இறங்கியது. வழக்கமான சாப்பாட்டில் இருந்தவர்களுக்கு 21-லிருந்து 20. ஆய்வு சிறியது, காலமும் குறைவு. ஆனாலும் இரண்டே மாதத்தில் அவ்வளவு இறங்கியது சாதாரணம் இல்லை.

3 சதவீதம் என்றால் எவ்வளவு? 2000 கலோரி சாப்பிடும் பையனுக்கு 60 கலோரி, அதாவது 15 கிராம், மூன்று டீஸ்பூன். இப்போது நம் வீட்டுக் கணக்கைப் போடுங்கள். காலையில் இரண்டு ஸ்பூன் சர்க்கரை போட்ட ஹெல்த் டிரிங்க்: மேலே போட்டது 10 கிராம், பவுடருக்குள்ளேயே இருப்பது தனி. சாயங்காலம் ட்யூஷனுக்குப் போகும் வழியில் 250 மில்லி கோலா: 26 கிராம். இரவு ஒரு பிஸ்கட் பாக்கெட். சோற்றில் கை வைக்கும் முன்பே மூன்று நாள் கணக்கு முடிந்துவிட்டது.

எல்லா வீட்டிலும் நடக்கும் தப்பு, "வெள்ளைச் சர்க்கரையை நிறுத்திட்டோம் மேடம், நாட்டுச் சர்க்கரைதான்". கருப்பட்டி, வெல்லம், தேன், நாட்டுச் சர்க்கரை எல்லாமே கல்லீரலுக்கு ஒன்றுதான். சர்க்கரையின் ஒரு பாதி ஃபிரக்டோஸ்; அதைப் பெரும்பாலும் கல்லீரல்தான் கையாள வேண்டும், மிஞ்சியதை அங்கேயே கொழுப்பாக மாற்றும். பழத்தை முழுசாகக் கடித்துத் தின்னட்டும், ஒரு கொய்யா, ஒரு சாத்துக்குடி. பிழிந்து வடிகட்டினால் நார் போய்விடும், நாலு பழத்துச் சர்க்கரை ஒரே தம்ளரில் இறங்கும். "நோ ஆடட் சுகர்" என்று எழுதிய ஜூஸ் பாக்கெட்டும் இந்தக் கணக்கில்தான் வரும்.

மருந்துக்கட்டு சார், உங்கள் அலமாரியையும் பாருங்கள். அந்த லிவர் டானிக் லேபிளில் "ஃப்ளேவர்டு சிரப் பேஸ்" என்று இருந்தால் பெரும்பாலும் சர்க்கரைப் பாகுதான். கல்லீரல் கொழுப்புக்குச் சர்க்கரைப் பாகைத் தினம் 20 மில்லி!

சோற்றை நிறுத்தச் சொல்லவில்லை. தட்டில் பாதி காய், கால் பங்கு சோறு, கால் பங்கு பருப்பு, முட்டை, மீன் எதுவோ. முதல் தடவை சோற்றை ஒரு கப்பில் அளந்து போட்டால் போதும், பிறகு கண் பழகிவிடும். இரண்டாம் தடவை கேட்டால் காயும் குழம்புக் காயும் மட்டும். பையனுக்குத் தனியாக ஓட்ஸ் கஞ்சி போட்டு மற்றவர்கள் பரோட்டா சாப்பிட்டால் ஒரு வாரம் தாங்காது.

எடை பற்றி: 12 வயதுப் பையன் வளர்கிறான். 68 கிலோவில் நிறுத்தி வைத்தாலே போதும், ஒரு வருடத்தில் 6 செ.மீ. வளர்ந்தால் பிஎம்ஐ 30.2-லிருந்து 27.9-க்கு வந்துவிடும். பட்டினி போட்டு மாதம் 5 கிலோ இறக்கினால் பித்தப்பைக் கல் வரும், உயரமும் பாதிக்கப்படும். நாளுக்கு ஒரு மணி நேரம் மூச்சு வாங்கும் விளையாட்டு, பொழுதுபோக்குக்குத் திரை 2 மணி நேரத்துக்குள். பி.டி. பீரியடைக் கணக்கு வாத்தியார் கடன் வாங்காமல் இருந்தால் பாதி வேலை பள்ளியிலேயே முடிந்துவிடும்.

---

மருந்துக்கட்டு

மூன்று பேருக்கும் நன்றி. சிரப் பேஸ் விஷயம் சுருக்கென்று இருந்தது, பார்த்தேன், கடையில் இருக்கும் நான்கு லிவர் டானிக்கில் மூன்றில் அப்படித்தான் எழுதியிருக்கிறது.

இரண்டு சந்தேகம் பாக்கி. ஒன்று, வைட்டமின் ஈ 400 காப்ஸ்யூலில் ஒன்றில் "டி-ஆல்ஃபா", இன்னொன்றில் "டிஎல்-ஆல்ஃபா" என்று இருக்கிறது, மாற்றிக் கொடுக்கலாமா? இரண்டு, வாரம் ஒரு முறை போடும் எடை குறைப்பு ஊசியான செமாக்ளூட்டைடு பற்றிப் பெற்றோரே கேட்க ஆரம்பித்துவிட்டார்கள்.

---

குழந்தைக்கல்லீரல்

ஈ-யில் மாற்றிக் கொடுக்கக் கூடாது. "டி" இயற்கை வடிவம், "டிஎல்" செயற்கை. டானிக் ஆய்வில் கொடுத்தது இயற்கை வடிவம். 400 யூனிட் இயற்கையில் உடல் பயன்படுத்தும் ஆல்ஃபா டோகோஃபெரால் சுமார் 268 மி.கி.; அதே 400 யூனிட் செயற்கையில் சுமார் 180 மி.கி. தான். அட்டையில் எண் ஒன்று, உள்ளே சரக்கு வேறு.

உச்ச வரம்பும் வடிவத்தைப் பொறுத்து மாறும், ஏனென்றால் வரம்புக் கணக்கில் செயற்கை வடிவத்தில் உடல் பயன்படுத்தாத பகுதியும் சேரும். 9–13 வயதுக்கு ஒரு நாளைய மேல் வரம்பு 600 மி.கி.; இயற்கை வடிவத்தில் அது 900 யூனிட், செயற்கையில் சுமார் 660 யூனிட். ஆய்வில் கொடுத்த 800 யூனிட் இயற்கை வடிவம் அதற்குள் அடங்கும். அதே 800-ஐ டிஎல் காப்ஸ்யூலில் இரண்டாகக் கொடுத்தால் 12 வயதுப் பையனுக்கு வரம்பு தாண்டுகிறது. சாப்பாட்டோடு கொடுக்க வேண்டும், வெறும் வயிற்றில் உறிஞ்சாது. ரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடும் பிள்ளை, அறுவை சிகிச்சை நாள் குறித்த பிள்ளை என்றால் டாக்டரிடம் திரும்ப அனுப்புங்கள். சீட்டைக் காட்டாமல் வருடக்கணக்கில் வாங்கிப் போவதுதான் எனக்குக் கவலை. ஆய்வு 96 வாரம்தான் பார்த்தது. 50 வயது தாண்டிய ஆண்களிடம் நடந்த வேறொரு பெரிய ஆய்வில் நாள் 400 யூனிட் செயற்கை ஈ, புராஸ்டேட் புற்றுநோயைக் கூட்டியது. அதைப் பிள்ளைகளுக்கு அப்படியே பொருத்த முடியாது. ஆனால் "வைட்டமின்தானே" என்ற அசட்டைக்கு இடமில்லை.

செமாக்ளூட்டைடு. 12 வயதுக்கு மேல் உடல் பருமனுக்கு அமெரிக்காவில் 2022 டிசம்பரில் அனுமதி கிடைத்தது. அடிப்படை, 201 வளரிளம் பருவத்தினரிடம் 68 வாரம் நடந்த ஆய்வு: பிஎம்ஐ ஊசிப் பிரிவில் சராசரி 16.1 சதவீதம் இறங்கியது, போலி ஊசியில் 0.6 சதவீதம் ஏறியது. எஸ்ஜிபிடியும் இறங்கியது. ஆனால் அந்த ஆய்வு கல்லீரலுக்காக நடந்தது இல்லை, பயாப்ஸியும் இல்லை. கல்லீரல் அழற்சிக்கென்று 2025 ஆகஸ்டில் கிடைத்த அனுமதி, மிதமானதிலிருந்து முற்றிய தழும்பு வரை உள்ள பெரியவர்களுக்கு. ஆகப் பிள்ளைக்கு இதை எழுதினால் பருமனுக்காக எழுதுகிறோம், கல்லீரல் பலன் கூடவே வரும் என்று எதிர்பார்க்கிறோம். அவ்வளவுதான்.

0.25 மி.கி. வாரம் ஒரு முறை, 4 வாரம்; பிறகு நான்கு நான்கு வாரமாக 0.5, 1, 1.7, கடைசியில் 2.4. தப்பு நடப்பது இந்தப் படியில்தான். "சீக்கிரம் இளைக்கட்டும்" என்று படியைத் தாண்டினால் வாந்தி நிற்காது, நீர்ச்சத்து போய்ப் படுத்துவிடுவான். வாந்தி, குமட்டல், பேதி மாதிரி வயிற்றுத் தொல்லை அந்த ஆய்வில் ஊசிப் பிரிவில் 62 சதவீதம், போலியில் 42. பித்தப்பைக் கல் 4 சதவீதம் பேருக்கு. போலி ஊசியில் ஒருவருக்கும் இல்லை. மேல் வயிற்றில் முதுகுக்குப் பாயும் வலி என்றால் ஊசியை நிறுத்திவிட்டு அன்றே கணையத்தைப் பார்க்க வேண்டும். குடும்பத்தில் மெடுல்லரி தைராய்டு புற்றுநோய் இருந்தால் தொடவே கூடாது. நிறுத்தினால் எடை திரும்பும். எத்தனை வருடம் ஓட்டுவது என்பதைப் பெற்றோரிடம் முதல் ஊசிக்கு முன்பே பேசிவிட வேண்டும். திறக்காத பேனா 2–8 டிகிரியில் இருக்க வேண்டும். ஃபிரீசரில் உறைந்துபோனது, உருகினாலும் குப்பைக்குத்தான்.

---

வேப்பமரம்

கீழாநெல்லியை மோரில் அரைத்துக் கொடுக்கலாமா டாக்டர்? வீட்டுப் பெரியவர்கள் முதலில் கேட்பது இதைத்தான்.

---

குழந்தைக்கல்லீரல்

கீழாநெல்லியை நம்மூரில் காமாலைக்குக் கொடுப்பது வழக்கம். ஃபேட்டி லிவரில் காமாலை இல்லை, நோயே வேறு. குழந்தைகளின் ஃபேட்டி லிவரில் அது வேலை செய்யும் என்று காட்டிய சோதனை எதுவும் இல்லை. மோரில் ஒரு பிடி இலை அரைத்துக் குடித்ததற்காக நான் யாரையும் திட்டுவதில்லை.

எனக்குப் பயம் பாட்டிலில் வரும் "எடை குறைப்பு" மாத்திரை, பொடிகள்தான். கிரீன் டீ சாற்றுச் செறிவு, கார்சீனியா, அதாவது கொடம்புளிச் சாற்றுக் காப்ஸ்யூல், அசுவகந்தா, இவை எல்லாமே கல்லீரலைக் காயப்படுத்தியதாகப் பதிவாகியிருக்கிறது. சீந்தில் கொடியை, கிலோய் என்று வடக்கில் சொல்வது, கொரோனா காலத்தில் தினமும் குடித்தவர்களிடம் ஆட்டோ இம்யூன் மாதிரிக் கல்லீரல் அழற்சி வந்ததை இந்திய மருத்துவர்களே பதிவு செய்திருக்கிறார்கள். குழம்பில் போடும் கொடம்புளி வேறு, செறிவாக்கிய காப்ஸ்யூல் வேறு. எஸ்ஜிபிடி 71-ல் இருந்த பிள்ளை திடீரென்று 400-க்குப் போனால் நான் முதலில் கேட்பது, "புதுசா என்ன குடிக்கிறான்?"

இன்னொன்று, மருந்தில் சேராதது: பின்கழுத்து, அக்குளில் வெல்வெட் மாதிரி கருப்பு. அழுக்கு என்று நார் போட்டுத் தேய்த்துத் தோலே உரிந்து வரும் பிள்ளைகள் உண்டு. அது இன்சுலின் எடுபடாததன் அடையாளம். தேய்த்தால் போகாது, எடை குறைந்தால் மங்கும். அது இருந்தால் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி, வெறும் வயிற்றுச் சர்க்கரை, லிப்பிட், ரத்த அழுத்தம் எல்லாம் அன்றே பார்த்துவிட வேண்டும்.

---

மருந்துக்கட்டு

கடைசியாக ஒன்று. "மூணு மாசத்துல சரியாயிடுமா" என்பவர்களுக்கு என்ன சொல்லட்டும்? அதோடு காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் கொடுக்கப் பயப்படுகிறார்கள், லிவர் கெட்டுவிடும் என்று.

---

குழந்தைக்கல்லீரல்

மூன்று மாதம் என்பது குணமாகும் கெடு இல்லை, திரும்ப அளக்கும் நாள். அன்று பார்ப்பது எடை, உயரம், இடுப்புச் சுற்றளவு, எஸ்ஜிபிடி. இடுப்புச் சுற்றளவு, உயரத்தில் பாதிக்குக் கீழே வர வேண்டும், 150 செ.மீ. பையனுக்கு 75. எஸ்ஜிபிடி இன்னும் 50-க்கு மேலே, அல்லது ஒரு தடவையாவது 80-க்கு மேலே, மண்ணீரல் பெருத்திருக்கிறது, பிளேட்லெட் 1.5 லட்சத்துக்குக் கீழே, எஸ்ஜிஓடி எஸ்ஜிபிடியை மிஞ்சிவிட்டது, இதில் ஏதாவது ஒன்று இருந்தால் குழந்தைகள் கல்லீரல் மருத்துவரிடம் போக வேண்டும், பயாப்ஸி தேவையா என்பதை அவர் முடிவு செய்வார். ஹெபடைடிஸ் ஏ தடுப்பூசி போடாத பிள்ளை என்றால் போட்டுவிடுங்கள். ஏற்கெனவே சோர்ந்த கல்லீரலில் அதுவும் சேர வேண்டாம்.

பாராசிட்டமால் தாராளமாகக் கொடுக்கலாம், அளவோடு. இங்கே நடக்கும் பிழை எடையைப் பார்த்துக் கணக்குப் போடுவது. கிலோவுக்கு 15 மி.கி. என்று 68 கிலோவுக்குப் போட்டால் ஒரு வேளைக்கு 1000 வந்துவிடும். 12 வயதுக்கு 500 மி.கி., வேளைக்கு வேளை 6 மணி நேர இடைவெளி, நாளில் 4 வேளையைத் தாண்ட வேண்டாம். சளி மாத்திரை, சளி சிரப் கேட்டு வந்தால் அதிலும் பாராசிட்டமால் இருக்கிறதா என்று அட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டுக் கொடுங்கள்.